வண்டி நின்னாச்சு மக்கா... அடுத்து என்ன?

ஐ.வி.க்குப் போற வேன், அக்கா கல்யாணத்துக்குப் போற வேன், பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போற வேன்... எந்த வேனா இருந்தாலும் நடுவழியில நின்னா அடுத்து நடக்கிற சீன் ஒண்ணுதான். ஸ்பீக்கர்ல அதிர்ந்துட்டிருந்த குத்துப்பாட்டு கட். ‘என்னண்ணே ஆச்சு?’னு பின் சீட்டுலேர்ந்து ஒரு குரல். கதவு சர்ருனு திறக்கும். 14 பேரும் இறங்கி, வண்டிக்குப் பின்னாடி போய் ரவுண்டு கட்டி நிப்பாங்க. அஞ்சு பேர் ஆலோசனை சொல்வாங்க. நாலு பேர் செல்ஃபி எடுப்பாங்க. ரெண்டு பேர் ரோட்டோரமா நடந்துகிட்டே போன்ல கடலை போடுவாங்க. கூட்டத்துல ஒரு மெக்கானிக்கல் பையன் இருந்துட்டா முடிஞ்சுது கதை. ‘ஏல, நீ மெக்தானல? பாரு!’னு ஸ்பேனரைக் கையில திணிச்சிருவாங்க. பாவம், அவன் தெர்மோடைனமிக்ஸ்ல 80 மார்க். ஜாக்கி எங்க இருக்குனு டிரைவர் அண்ணன்கிட்டதான் கேக்கணும்!

இந்த சீன்ல வண்டி நின்னதுகூட பெரிய விஷயம் இல்ல. 14 பேரும் வண்டிக்குப் பின்னாடி போய் நின்னாங்க பாருங்க, அதுதான் வில்லங்கம். தூத்துக்குடியைச் சுத்தி ஓடுற ரோடெல்லாம் துறைமுகத்து ரோடு. கண்டெய்னர் டிரெய்லரும் உப்பு லாரியும் ராத்திரி பகல்னு பார்க்காம ஓடிட்டே இருக்கும். இருட்டுல லைட் இல்லாம நிக்கிற வேன், பின்னாடி வர்றவனுக்குத் தெரியும்போது நேரம் கடந்திருக்கும். ரிப்பேரால யாரும் சாகிறது இல்ல மக்கா. ரிப்பேர் பார்க்க நின்ன இடத்தாலதான் உசுரு போகுது.

அதனால இந்த வாரம் ஒரே ஒரு ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணிக்குவோம். முதல்ல ஆள், அடுத்து ரோடு, கடைசியாத்தான் வண்டி. எந்த செமஸ்டர்லயும் இதைக் கேக்க மாட்டாங்க. ஆனா இதுல ஃபெயில் ஆனா அரியர் எழுத சான்ஸ் கிடையாது!

முதல் அஞ்சு நிமிஷம்

வண்டி இழுக்கலைன்னு தெரிஞ்சதுமே, உருளுற வேகம் மிச்சம் இருக்கும்போதே இடது ஓரமா ஒதுக்கணும். தார் ரோட்டை விட்டு மண்ணுல இறங்கினா ரொம்ப நல்லது. வளைவுலயும் பாலத்து மேலயும் நிறுத்தாதீங்க. பஞ்சர் ஆன டயரோடகூட மெதுவா 100 மீட்டர் உருட்டிப் போய் நல்ல இடத்துல நிறுத்தலாம். டயர் போனா போகட்டும்.

நாலு இண்டிகேட்டரும் ஒண்ணா மின்னுற ஹசார்ட் ஸ்விட்ச் அழுத்துங்க. ஹேண்ட் பிரேக் போடுங்க. இடது பக்கக் கதவு வழியா மட்டும் இறங்குங்க. ஆம்னி மாதிரி வேன்ல ரெண்டு பக்கமும் ஸ்லைடிங் கதவு உண்டு. வலது பக்கத்தைத் தொடவே கூடாது. இறங்கினவங்க எல்லாரும் ரோட்டை விட்டுத் தள்ளி, வண்டிக்கு முன்பக்கமா ஓரத்துல போய் நிக்கணும். வண்டிக்குப் பின்னாடி ஒரு ஆள்கூட நிக்கக் கூடாது. செல்ஃபி, கடலை எல்லாம் அந்தப் பக்கம் வச்சுக்கலாம்!

அடுத்தது சிவப்பு முக்கோணம். வண்டி வாங்கும்போது கொடுத்தது, பல வேன்ல கவர்கூடப் பிரிக்காம சீட்டுக்கு அடியில தூங்குது. அதை எவ்வளவு தூரத்துல வைக்கணும்? இங்கதான் நம்ம பிளஸ் ஒன் பிசிக்ஸ் உதவும். 80 கி.மீ. வேகத்துல வர்ற கார் ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் ஓடுது. டிரைவர் பார்த்து, புரிஞ்சு, பிரேக்ல கால் வைக்க ஒன்றரை செகண்ட். அதுக்குள்ள 33 மீட்டர் காலி. அப்புறம் பிரேக் பிடிச்சு நிக்க இன்னொரு 40 மீட்டராவது வேணும். ஆக மொத்தம் 70 மீட்டருக்கு மேல. 100 கி.மீ. வேகம்னா 100 மீட்டரையே தாண்டிரும். லோடு ஏத்தின லாரிக்கு இன்னும் கூட. இப்ப சொல்லுங்க, வண்டிக்குப் பின்னாடி பத்தடியில முக்கோணம் வச்சா யாருக்கு லாபம்?

திருநெல்வேலி ரோடு, மதுரை ரோடு மாதிரி நாலு வழிச்சாலையில 100 மீட்டருக்குக் குறையாம வைங்க. கிட்டத்தட்ட 130 எட்டு. சாயர்புரத்துலேர்ந்து ஏரல் போற மாதிரி சின்ன ரோட்டுல 50 மீட்டர். வளைவு இருந்தா வளைவுக்கு அந்தப் பக்கம். வைக்கப் போற ஆள் தார் ரோட்டுல நடக்காம, எதிர்ல வர்ற வண்டியைப் பார்த்துகிட்டே, முக்கோணத்தை நெஞ்சுக்கு முன்னாடி பிடிச்சபடி ஓரமா போகணும். அதோட சிவப்பு பளபளப்பு உங்களுக்கும் காவல்.

தேசிய நெடுஞ்சாலைன்னா 1033-க்கு அடிங்க. நெடுஞ்சாலை ஆணையத்தோட உதவி எண் அது. யாருக்காவது அடிபட்டிருந்தா 108. வேற எந்த அவசரத்துக்கும் 112.

இவ்வளவும் முடிஞ்ச பிறகுதான் வண்டிப் பக்கம் திரும்பணும்.

பஞ்சர்: ஸ்டெப்னி புராணம்

‘ஸ்டெப்னி’ங்கிற வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? பிரிட்டன்ல வேல்ஸ் பகுதியில லனெத்லினு ஒரு ஊர். அங்க ஸ்டெப்னி தெருவுல இருந்த கம்பெனி, 1900-களோட தொடக்கத்துல மாற்றுச் சக்கரம் செஞ்சு விக்க ஆரம்பிச்சுது. அதுவரைக்கும் காருக்கு மாற்றுச் சக்கரமே கிடையாது. நடுவழியில டயரைப் பிரிச்சு ஒட்டணும். அந்தத் தெருப் பேரு நம்ம ஊர் பஞ்சர் கடையில இன்னும் வாழுது!

பஞ்சர்னு சொன்னதும் நம்ம பக்கத்து ஆள் ஒருத்தரைச் சொல்லாம விட முடியாது. திருக்குறுங்குடியில 1877-ல பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ். கம்பெனியை 1911-ல தொடங்கினவர். மாட்டு லாடத்து ஆணி குத்தி பஸ் டயர் பஞ்சர் ஆகுதுனு, ரோட்டுல கிடக்கிற ஆணியைப் பொறுக்க காந்தம் கட்டின வண்டியையே ஓட விட்டார்னு சொல்வாங்க. பஞ்சரைச் சரி பண்றதைவிட வராம பார்த்துக்கிறது புத்திசாலித்தனம். நம்ம கையில காந்த வண்டி இல்ல. ஆனா மாசத்துக்கு ரெண்டு தடவை காத்து செக் பண்ணலாம் இல்லையா? ஸ்டெப்னியிலயும் சேர்த்து! மாத்த எடுக்கும்போதுதான் ஸ்டெப்னியிலயும் காத்து இல்லைன்னு தெரியிற சோகம் இருக்கே... அதை விரோதிக்கும் நினைக்கக் கூடாது.

மாத்துற முறை இதுதான். தரை சமமா, கெட்டியா இருக்கணும். கியர் போட்டு, பஞ்சர் ஆன சக்கரத்துக்கு எதிர்மூலையில இருக்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைங்க. ஜாக்கி போடுறதுக்கு முன்னாடியே, சக்கரம் தரையில இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுத்து லூஸ் பண்ணுங்க. தூக்கின பிறகு திருகினா சக்கரம்தான் சுத்தும், நட்டு சிரிக்கும். நட்டு மக்கர் பண்ணுதா? புஜபலம் எல்லாம் வேண்டாம். ஸ்பேனர் கைப்பிடியை இடது பக்கமா தரைக்குச் சமமா வச்சு, நுனியில கால் வச்சு உடம்பு எடையைக் கொடுங்க. நெம்புகோல் தத்துவம். 45 கிலோ தோழி ஒருத்தி தாராளமா கழட்டிருவா. ‘பசங்க பாத்துக்குவாங்க’னு ஒதுங்கி நிக்கிற கதையெல்லாம் இனிமே வேண்டாம்.

ஜாக்கியைக் கண்ட இடத்துல முட்டுக் கொடுக்காம, வண்டிக்காரன் புத்தகத்துல காட்டியிருக்கிற இடத்துல வைங்க. கீழ மண்ணா இருந்தா ஒரு பலகை போடுங்க. கழட்டின சக்கரத்தை வெட்டியா உருட்டி விடாம வண்டியோட ஓரத்துக்கு அடியில படுக்க வைங்க. ஜாக்கி வழுக்கினா வண்டி அதுமேல உக்காரும், உங்க மேல உக்காராது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில தலையை விடவே கூடாது. ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளை வரிசையா முறுக்காம எதிரெதிரா, நட்சத்திரம் போடுற மாதிரி முறுக்குங்க. வண்டியை இறக்கின பிறகு கடைசி இறுக்கு. 50 கி.மீ. ஓடினதும் நிறுத்தி இன்னொருக்கா இறுக்கிப் பாருங்க.

2020-க்குப் பிறகு வந்த சில கார்கள்ல ஸ்டெப்னியே இருக்காது. டியூப்லெஸ் டயர், பஞ்சர் கிட், காத்து அளவைக் காட்டுற கருவி இருந்தா போதும்னு அந்த வருஷம் விதியை மாத்திட்டாங்க. வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டு வச்சுக்கோங்க.

சூடு ஏறினா...

சித்திரை வெயிலு, ஏ.சி. ஃபுல்லு, ஆளு ஃபுல்லு. டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்கு ஏறுது. உடனே ஏ.சி.யை அணைச்சு, ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்துங்க. அப்புறம் செய்ய வேண்டியது... சும்மா இருக்கிறது! அரை மணி நேரமாவது காத்திருங்க. டீக்கடை இருந்தா உங்க அதிர்ஷ்டம்.

ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோட தொட்டுராதீங்க. காரணம் பிரஷர் குக்கர்தான். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடிச்சு வைக்குது. அதனால தண்ணி 100 டிகிரியில கொதிக்காம 120 டிகிரி வரைக்கும் தாக்குப் பிடிக்குது. மூடியைத் திறந்த அடுத்த நொடி அழுத்தம் போயிரும், 100-க்கு மேல இருக்கிற தண்ணி அத்தனையும் ஆவியா முகத்துல அடிக்கும். குக்கர் வெயிட்டைச் சூட்டோட தூக்கினா அம்மா எப்படி அலறுவாங்க? அதே அலறல் இங்கயும் வேணும்.

ஆறினதும் துணி போட்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமா திருகுங்க. கூலன்ட் இல்லைன்னா குடிக்கிற கேன் தண்ணி ஊத்துங்க. நம்ம பக்கத்து ஆட்களுக்கு ஸ்பெஷல் எச்சரிக்கை இது. போர் தண்ணி உப்பு. அது ரேடியேட்டர் உள்ளே படிஞ்சு, அரிச்சு, மொத்தமா அடைச்சுரும். வேற வழியே இல்லாம ஊத்தினா ஊர் போனதும் கழுவி, புதுக் கூலன்ட் ஊத்திருங்க. கொதிக்கிற இன்ஜின்ல ஜில் தண்ணியும் வேண்டாம், கண்ணாடி டம்ளர் மாதிரி விரிசல் விட்டுரும்.

ஒரு சின்ன டிடெக்டிவ் வேலை. டெம்பரேச்சர் ஏறுறதோட பேட்டரி விளக்கும் எரியுதா? பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். பல வேன்கள்ல தண்ணி பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுத்துறது ஒரே பெல்ட். தண்ணி ஊத்தியும் பிரயோஜனம் இல்ல. பெல்ட் மாத்தினாதான் கதை நகரும்.

பொதுவா ஒரு விதி. டேஷ்போர்டுல சிவப்பு விளக்கு வந்தா நிறுத்து. மஞ்சள் வந்தா மெதுவா பட்டறைக்குப் போ. சிவப்புல எண்ணெய்க் குவளை படம் எரிஞ்சா ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீங்க.

டிக்... டிக்... பேட்டரி!

சாவி திருகினா ‘டிக்’ சத்தம் மட்டும். ஹெட்லைட் மங்கல். பேட்டரி படுத்தாச்சு. முதல்ல பேட்டரி முனைகளைப் பாருங்க. வெள்ளையா, பச்சையா பூத்திருக்கா? கடல் காத்துலயும் உப்பளக் காத்துலயும் வாழுற ஊர் நம்மது. இரும்பும் ஈயமும் இங்க சீக்கிரம் பூக்கும். மைனஸ் வயரை முதல்ல கழட்டுங்க, மாட்டும்போது அதைக் கடைசியா மாட்டுங்க. ஏன்? வண்டி பாடி முழுக்க மைனஸ்தான். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ல இருக்கிற ஸ்பேனர் பாடியில பட்டா பொறி பறக்கும். வெந்நியில ஆப்ப சோடா கலந்து பிரஷ்ஷால தேய்ச்சு, துடைச்சு, காயவிட்டு மாட்டி, மேல கொஞ்சம் வாசலின் தடவுங்க. பாதி வண்டி இதுலயே ஸ்டார்ட் ஆயிரும்.

ஆகலையா? இன்னொரு வண்டியிலேர்ந்து ஜம்ப். வரிசை முக்கியம். சிவப்பு வயர் செத்த பேட்டரி பிளஸ், அடுத்த முனை நல்ல பேட்டரி பிளஸ். கறுப்பு வயர் நல்ல பேட்டரி மைனஸ், அடுத்த முனை செத்த வண்டியோட இன்ஜின் இரும்புல, பேட்டரியை விட்டுத் தள்ளி. பேட்டரி பக்கத்துல ஹைட்ரஜன் வாயு இருக்கலாம், பொறி அங்க வேண்டாம். பீடி, சிகரெட்டும் வேண்டாம்.

உதவிக்கு லாரி அண்ணாச்சி நிறுத்துவார். நல்ல மனுஷன்தான். ஆனா பெரிய லாரியெல்லாம் 24 வோல்ட். நம்ம வேன் 12 வோல்ட். அப்படியே வயரைச் சொருகினா உள்ளே இருக்கிற எலெக்ட்ரானிக்ஸ் மொத்தமும் பொரியல்! கார் வந்தா மட்டும் கேளுங்க.

தள்ளி ஸ்டார்ட் பண்றது பழைய வேன்ல நடக்கும். சாவி ஆன், கிளட்ச் அமுக்கி செகண்ட் கியர், வேகம் வந்ததும் கிளட்ச்சை விடணும். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டியிலயும் ஆட்டோமேட்டிக்லயும் அந்த வித்தை வேண்டாம்.

ஹார்ன், வைப்பர், லைட்னு ஏதாவது ஒண்ணு மட்டும் செத்தா ஃபியூஸ் பெட்டியைத் திறங்க. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. போன கலரையே திருப்பிப் போடணும். சிகரெட் டப்பா வெள்ளித்தாளைச் சுத்திச் சொருகுற ‘ஜுகாடு’ வேண்டவே வேண்டாம். ஃபியூஸ் உருகாது, ஒயர் உருகும், வண்டி எரியும்.

டீசல் தீர்ந்துச்சா?

டீசல் வேன்ல சொட்டு இல்லாம காயவிட்டா, மறுபடி ஊத்தினாலும் கிளம்பாது. குழாய்ல காத்து புகுந்திருக்கும். பழைய வண்டியில ஃபில்டர் மேல கையால அமுக்குற பம்ப் இருக்கும். காத்து விடுற ஸ்க்ரூவை லூஸ் பண்ணி, குமிழி நிக்கிற வரைக்கும் பம்ப் அடிச்சு, இறுக்கினா போதும். புது வண்டி காமன் ரெயில். அதுல இன்ஜெக்டருக்குப் போற இரும்புக் குழாய்ல 1000 பாருக்கும் மேல அழுத்தம். ஊசித் துளை வழியா வர்ற டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிரும். வெளியே சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், உள்ளே விரலே போகலாம். அந்தக் குழாயை விரலால தடவி ‘லீக் இருக்கா’னு பார்க்கிற பழக்கமே கூடாது.

தேரி மணலும் பனை மட்டையும்

இது நம்ம மாவட்ட ஸ்பெஷல். குதிரைமொழித் தேரிப் பக்கம் சாமி கும்பிடவோ ஷார்ட் ஃபிலிம் எடுக்கவோ போறவங்க, செம்மணல்ல சக்கரம் புதைஞ்சு நிப்பாங்க. அப்ப ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி தனக்குத் தானே குழி தோண்டும். நிறுத்துங்க. எல்லாரும் இறங்குங்க. சக்கரத்துக்கு முன்னாடி இருக்கிற மணலைக் கையால வாருங்க. பனை மட்டையோ, ஓலையோ, சாக்கோ சக்கரத்துக்கு அடியில சொருகுங்க. டயர் காத்தைப் பாதியாக் குறைச்சா டயர் பரந்து மணல் மேல மிதக்கும். வந்த தடத்துலயே ரிவர்ஸ்ல, செகண்டுக்கு செகண்ட் நிதானமா எடுங்க. தள்ளுறவங்க சுத்துற சக்கரத்துக்கு நேரா நிக்காதீங்க, மட்டை பறந்து வரும். தார் ரோடு ஏறினதும் வேகம் எடுக்காம முதல் பங்க்ல காத்து அடிச்சுக்கோங்க.

ஆளை அடைக்கிற பழக்கமும் புதைய ஒரு காரணம். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏத்தினா அச்சு முறியும்னு வள்ளுவர் சொல்லியிருக்கார். அந்தக் குறளை 1886-ல இங்கிலீஷ்ல கொண்டுவந்த ஜி.யு.போப், 1840-கள்ல நம்ம சாயர்புரத்துலதான் பள்ளிக்கூடம் நடத்தினார். சொன்னவரும் சொல்லிட்டார், மொழிபெயர்த்தவரும் நம்ம ஊர்லயே இருந்துட்டுப் போயிட்டார். நாம இன்னும் 12 பேர் வேன்ல 20 பேரை ஏத்திட்டிருக்கோம். குட்டியானையில ஆள் ஏத்துறது இன்னும் மோசம். அது சரக்கு வண்டி. பின்னாடி இருக்கிறவங்களுக்கு சீட்டும் இல்ல, பிடிமானமும் இல்ல, சட்டமும் துணைக்கு வராது.

தண்ணி புகுந்த வண்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்ம மாவட்டத்துல யாரும் மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நின்னு, சுமார் 800 பேர் மாட்டிக்கிட்டாங்க. ஏரல் தண்ணிக்குள்ள தீவா நின்னுச்சு. தண்ணி வடிஞ்ச பிறகு மூழ்கிக் கிடந்த வண்டிக்கெல்லாம் ஒரே ஒரு கட்டளைதான் பொருந்தும்: சாவியைத் திருகாதே!

ஏன்னு ஒரு கணக்கு போடுவோம். 2005-ல வந்த முதல் குட்டியானையில ரெண்டு சிலிண்டர், மொத்தம் 702 சி.சி. ஒரு சிலிண்டருக்கு 351. கம்ப்ரஷன் ரேஷியோவை 20-னு வச்சுக்கிட்டா, பிஸ்டன் மேல ஏறி நிக்கும்போது மிச்சம் இருக்கிற இடம் 351-ஐ 19-ஆல வகுத்தா வர்றது. சுமார் 18 மி.லி. நாலு டீஸ்பூன்கூட இல்ல! காத்தை நசுக்கலாம், தண்ணியை நசுக்க முடியாது. அந்த நாலு ஸ்பூனுக்கு மேல தண்ணி உள்ளே இருந்து, நீங்க சாவியைத் திருகினா, பிஸ்டன் முட்டி கனெக்டிங் ராடு வளைஞ்சுரும். துடைச்சுக் காயவைச்சா தீர்ற பிரச்னை, இன்ஜினையே பிரிக்கிற செலவாயிரும். பேட்டரி மைனஸைக் கழட்டி வச்சுட்டு, பட்டறைக்குக் கட்டி இழுங்க.

ஓடுற தண்ணி ரோட்டைக் கடக்கும்போது முழங்காலளவு இல்லைன்னாலும் இறங்காதீங்க. ஒரு அடி ஆழத்து ஓட்டமே சின்ன வண்டியை மிதக்க வச்சுரும். ரெண்டு அடி பெரிய வண்டியையும் தள்ளிரும். ‘லாரி போகுதே’னு பின்னாலயே போகாதீங்க. லாரியோட எடை வேற, நம்ம எடை வேற.

கட்டி இழுக்கும்போது ரெண்டு விஷயம். சாவியை உருவிட்டா ஸ்டீயரிங் பூட்டிக்கும், அதனால சாவி உள்ளேயே ஆன்ல இருக்கட்டும். வெள்ளம் புகுந்து பேட்டரி கழட்டின வண்டிக்கும் சாவி உள்ளேதான், ஸ்டீயரிங் திரும்புதானு பார்த்துட்டுக் கிளம்பணும். இன்ஜின் ஓடாததால பிரேக் கல்லு மாதிரி இருக்கும், முழுக் காலால மிதிக்கணும். கயித்து நடுவுல சிவப்புத் துணி கட்டுங்க. தெரியாம குறுக்க புகுற பைக்காரனுக்காக.

கை வைக்காதே லிஸ்ட்

பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகுதா? ஸ்டீயரிங்ல திடீர்னு ஆட்டமா? ‘மெதுவா ஓட்டிப் போயிரலாம்’ கிடையாது, இறங்கி வேற வண்டி பிடிங்க. பெட்ரோல், கேஸ் வாடை அடிச்சா சாவியை அணைச்சு, ஒரு ஸ்விட்ச்சும் தொடாம எல்லாரும் தூரமா போங்க. எலெக்ட்ரிக் வேன்ல ஆரஞ்சு கலர் கேபிள் தெரிஞ்சா அது ஹை வோல்டேஜ், விரல் வைக்கக் கூடாது. தூத்துக்குடி சிப்காட்லயே 2025 ஆகஸ்ட்ல வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறந்தாச்சு. நாளைக்கு நம்ம ரோட்டுல நிக்கப் போற வண்டியில டீசலே இருக்காது. இந்தப் பாடமும் அப்டேட் ஆகணும் இல்லையா?

கிளம்புறதுக்கு முன்னாடி...

வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சு. விசில் பறக்குது. பாட்டு மறுபடி ஆன். எல்லாரும் ஏறியாச்சு. ஒரு நிமிஷம்! சக்கரத்துக்கு வச்ச கல்லை எடுத்தாச்சா?

முக்கோணம் இல்லாத வண்டிக்காரங்க பின்னாடி வரிசையா கல்லு வைப்பாங்க, வேப்பங்கொப்பை ஒடிச்சுப் போடுவாங்க. ஆபத்துக்குப் பாவமில்ல, வைக்கட்டும். ஆனா போகும்போது எடுக்கிறவங்க எத்தனை பேர்? வேனுக்கு அந்தக் கல்லு ஒரு குலுக்கல். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு டி.வி.எஸ். எக்ஸெல்ல வீட்டுக்குப் போற அண்ணாச்சிக்கு அதுதான் எமன். அவருக்கு நம்ம வேன் அங்க நின்னதே தெரியாது. நமக்கும் அவர் விழுந்தது தெரியவே போறதில்ல. அதனால கடைசியா ஏறுற ஆள் கையில டார்ச் எடுத்துக்கிட்டு ஒரு ரவுண்டு போகணும். முக்கோணம், ஜாக்கி, ஸ்பேனர் உள்ளே. கல்லு, கொப்பு ரோட்டை விட்டு வெளியே. அதுக்கப்புறம்தான் ‘போலாம் ரைட்!’

வேன்ல எப்பவும் இருக்க வேண்டியவை: காத்துள்ள ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஒரு பலகைத் துண்டு, முக்கோணம், டார்ச், ஜம்பர் வயர், நாலு கலர் ஃபியூஸ், ஒரு பெல்ட், அஞ்சு லிட்டர் நல்ல தண்ணி, கயிறு, பழைய துணி, முதலுதவிப் பெட்டி.

ஒரு ஹோம் ஒர்க். இந்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்டு வண்டியோ, தெரிஞ்ச டிரைவர் அண்ணனோட வண்டியோ, அனுமதி கேட்டு ஸ்டெப்னியைக் கழட்டி மாட்டிப் பாருங்க. வீட்டு வாசல்ல, பகல்ல, அவசரம் இல்லாம. முதல் தடவை முக்கால் மணி நேரம் ஆகும். மூணாவது தடவை கால் மணிதான். ராத்திரி நாலு வழிச்சாலையில மிச்சமாகிற அந்த அரை மணி நேரம் எவ்வளவு பெரிசுன்னு இப்ப உங்களுக்கே தெரியும்.

அடுத்த வாரம் வேற ஒரு சோலியோட பார்ப்போம் மக்கா!

- மாணவ நிருபர், சாயர்புரம்